எரட்டோஸ்தனிசைத் தமிழில் சொன்ன நாள்

17 ஜூன் 2009, புதன்

இன்று மாலை, வேலை செய்கிறவர்களுக்கான கல்லூரியின் கணித வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நின்று, எரட்டோஸ்தனிஸ் என்ற பழைய கிரேக்க வானியல் அறிஞரைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. பேசாவிட்டால் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் கடை வேலையை விட்டு நர்சிங் படிக்க ஏலாது. இரண்டு கிழமையாகப் பாடமாக்கிய ஆங்கிலம் எழுந்து நின்றதும் மறந்துபோயிற்று. போர் முடிந்து சனங்களை வைத்திருக்கிற வவுனியா முகாம்களின் பட்டியலில் தங்கச்சியின் பெயர் இல்லை என்று காலையில் வந்த போன்தான் காதுக்குள் கேட்டது.

பின்வரிசையிலிருந்து மதுரைக்காரி மீனா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நீங்க தமிழ்லயே சொல்லுங்க. நான் இங்கிலீஷ்ல சொல்றேன்."

"அதுக்கு டீச்சர் விடுவாவோ?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன்."

சொன்னேன். ஓர் ஊரில் வருடத்தில் ஒரு நாள் நடுப்பகல் வெயில் கிணற்றின் அடிவரை நேராக விழுகிறது. அதே நாள் அதே நேரம் வடக்கே இன்னோர் ஊரில் நட்ட தடிக்கு நிழல் இருக்கிறது. அந்த நிழலையும் இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தையும் வைத்தே அவர் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். சொல்லச் சொல்ல என் குரல் திரும்பி வந்தது. கேள்விகளுக்கு நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். டீச்சர் பாஸ் போட்டார்.

பஸ்ஸில் மீனா கேட்டாள்: "ஊர்ல இருந்து ஏதாவது செய்தி வந்துச்சா அக்கா?"

"ஓம். தங்கச்சியை இன்னும் காணேல்லை."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகரின் இன்னொரு பக்கத்தில், வால்தம்ஸ்டோவில் வீடு இருக்கிறவள், செவன் கிங்ஸில் என் வாசல்வரை வந்துவிட்டுத்தான் திரும்பினாள்.

இந்நேரம் மீனா வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும்.