எல்லா வாரமும் அதே ஜலதோஷம்

வியாசர்பாடி,
திங்கட்கிழமை.

அன்புள்ள ராஜாத்திக்கு,

உன் குணசேகரன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை. குவைத்தில் நீ வேலைக்குப் போன வீட்டில் இல்லை, நம் தூதரகத்தின் காப்பகத்தில் இருக்கிறாய் என்று போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் வேலையாக இருந்தேன். அயலகத் தமிழர் நல அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் போன் செய்தார். பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப உனக்கு அவுட் பாஸ் கொடுக்க ஊரில் அடையாளம் உறுதி செய்ய வேண்டுமாம், ராஜாத்தி என் மனைவிதானா என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். "நீங்க வேற யாரையோ கேக்குறீங்க மேடம், என் சம்சாரம் முந்தாநேத்து ஞாயித்துக்கெயம கூட வாட்ஸப்ல வாய்ஸ் அனுப்பிச்சி கீது, நல்லாத்தான் கீது" என்றேன்.  அவர், நீங்கள் கேட்ட கேள்விக்கு அதில் என்றைக்காவது பதில் வந்திருக்கிறதா என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். வந்ததே இல்லை. கன்டெய்னர் நிழலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தது, சம்பளம் தராதது, இஸ்திரிப் பெட்டியால் உன் கையில் சூடு வைத்தது, ஆடி மாதமே நீ தப்பி ஓடி வந்தது எல்லாம் அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். வீட்டுக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினாயாமே. எங்களிடம் மறைக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

வீட்டுக்கு வந்து நம் பெண் எழில்மொழியிடம் சொன்னேன். அவள் உன்மேல் முறுக்கிக்கொண்டிருந்தாள், அதையும் எழுதிவிடுகிறேன். ஆவணியில் அவள் பெரியவளானாள். உன் அண்ணன் அப்பாவு மச்சான் ஓலை கட்டி, தட்டு வரிசை வைத்து, ஒரு குறையும் இல்லாமல் செய்தார். எல்லாவற்றையும் உனக்கு போட்டோவாக அனுப்பினோம். அடுத்த ஞாயிறு உன் குரல், "எழில் ஒய்ங்கா பட்ச்சிகினு கீதா, தலைக்கு எண்ண வெச்சிவுடு" என்று மட்டும் சொன்னது. அதற்குப் பிறகு அவள் உன் குரலைக் கேட்கவே மறுத்துவிட்டாள். பெற்ற பெண் பெரியவளானதற்கு ஒரு வார்த்தை சொல்லாத தாய் உண்டா என்று அக்கம்பக்கத்தில்கூடப் பேசினார்கள். ஆனால் தீபாவளிக்கு வாழ்த்து சரியாக வந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மேடம் போன் செய்த அன்றைக்கு உன் குரலையெல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டோம். எல்லாவற்றிலும் உனக்கு மூக்கடைப்பு. உனக்கே தெரியாது, நான் வாராவாரம் வைத்தியம் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். மிளகு ரசம் வைத்துக் குடி, ஆவி பிடி, ஏசிக்கு நேராகப் படுக்காதே என்று. அடுத்த வாரமும் அதே ஜலதோஷம். சொன்ன பேச்சு கேட்காத பொம்பளை என்று யார்டில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எழில்தான் போனைக் கீழே வைத்துவிட்டு, "அது சளி இல்ல நைனா. அம்மா எல்லாத்தையும் ஒரே நாள்ல பேசி வெச்சிக்கீது. அய்துகினே பேசிக்கீது" என்றாள். 

நேற்று ஞாயிறு. எல்லாம் தெரிந்த பிறகும் வாய்ஸ் வந்தது, திரும்பவும் உன் குரல். "நான் நல்லா கீறேன், என்ன பத்தி பேஜார் பண்ணிக்காதீங்க." இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்டோம். எழில் அதற்குப் பதில் அனுப்பினாள். அனுப்புவது யாராக இருந்தாலும் சரி, அம்மா காப்பகத்தில் இருப்பது எங்களுக்குத் தெரியும் என்றாள். உடனே ஒரு பெண் போன் செய்து பேசினாள். பக்கத்து வீட்டில் வேலை செய்யும் ஆம்பூர் ஷாஸியா என்று நீ முன்பு சொல்வாயே, அந்தப் பெண். ஓடிவரும் முன் நீ எல்லாவற்றையும் பேசிவைத்து, உன் போனையும் அவளிடம் கொடுத்தாயாம். வாரத்துக்கு ஒன்று அனுப்பச் சொல்லிச் சத்தியம் வாங்கினாயாம். அந்தப் பெண்ணும் அழுதாள். இன்னும் எத்தனை இருக்கிறது என்று எழில் கேட்டாள். பொங்கல் வாழ்த்து வரைக்கும் இருக்கிறது என்றாள் அவள். ஆடி மாதத்தில் உட்கார்ந்து பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்லி வைத்திருக்கிறாய். திரும்பி வருவோம் என்றே நீ நினைக்கவில்லையா ராஜாத்தி?

உன்னை ஏற்றிவிட்ட ஏஜென்ட் வெள்ளத்துரையின் ராயபுரம் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது. அவனுக்கு லைசென்ஸே கிடையாதாம், உன்னை விசிட் விசாவில் ஏமாற்றி அனுப்பியிருக்கிறான். மச்சானும் நானும் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். மேடமே பக்கத்தில் இருந்து என்னென்ன எழுத வேண்டும் என்று சொன்னார்.

இப்போது முக்கியமான விஷயம். நீ நகை திருடிவிட்டாய் என்று அந்த வீட்டுக்காரன் புகார் கொடுத்திருக்கிறானாம். திரும்ப வந்து மீதி வருஷம் வேலை செய்தால் புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வானாம். நீ அதற்குத் தலையாட்டப் பார்க்கிறாய் என்று மேடம் சொன்னார். போகாதே. எதிலும் கையெழுத்துப் போடாதே. வழக்குக்குத் தூதரகம் வக்கீல் வைக்கும், டிக்கெட்டுக்கு இங்கே ஏற்பாடு செய்வார்கள். ஆனால் ஊருக்குத்தான் போவேன் என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டுமாம். அதை உனக்காக வேறு யாரும் சொல்ல முடியாதாம். உன்னை அனுப்ப வாங்கிய கடனை நினைத்துப் பயப்படாதே, அது என் பாடு. வெறுங்கையோடு வந்தால் நாலு பேர் பேசுவார்கள் என்று நினைத்தால், பேசட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை மேடம் இன்றே தூதரகத்துக்கு அனுப்பி, உன் கையில் கொடுக்கச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காப்பகத்தில் போன் பேச விடுவார்களாம். பேசு. நல்லா கீறேன் என்று மட்டும் சொல்லாதே. அழ வேண்டும் என்றால் அழு, இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம். இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று ஷாஸியாவிடம் எழில் சொல்லிவிட்டாள். அந்தப் பொங்கல் வாழ்த்தை நாங்கள் போனில் கேட்க மாட்டோம். நீ வந்து நம் வீட்டு வாசலில் நின்று சொல்ல வேண்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
குணசேகரன்.