ஜாஸ்பின் போனை ஒறுத்த தவக்காலம்

சேசு மரி சூசை துணை

ஆவூர்,
ஞாயிறு

அன்பு மகன் ஜோசுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன், இங்கே அம்மாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஜாஸ்பின் செய்முறைத் தேர்வை இனி அடுத்த வருடம்தான் எழுத முடியும் என்று அவளுடைய துறைத்தலைவர் அம்மா வெள்ளிக்கிழமை என்னை நேரில் வரச்சொல்லிச் சொல்லிவிட்டார். தேர்வு நடந்தபோது உன் தங்கச்சி கல்லூரிக்கே போகவில்லை. போனில் இதைப் பேச முடியாது, இந்த இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் அவள் காதில் விழும், அதனால்தான் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்பும் அடைக்கலம் அண்ணன் மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவக்காலம் தொடங்கும் முன்பு ஒருநாள் ஜாஸ்பின் போனில் ஒரு படம் போட்டுவிட்டு யார் யார் பார்த்தார்கள் என்று சோறு காயும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாதான், இந்தத் தவக்காலத்துக்கு நீ கறி மீனை விட வேண்டாம், போனை விடு என்றாள். ஜாஸ்பின் மறுபேச்சில்லாமல் அதை அலமாரியில் வைத்துவிட்டு என் பட்டன் போனோடு கல்லூரிக்குப் போனாள். உன் அம்மா பூசை முடிந்து வருகிறவர்களிடமெல்லாம், எம்புள்ள போனையே ஒறுத்துட்டா, ஒங்க வீட்டுல சொல்லிப் பாருங்க பாப்போம் என்று சவால் விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் பெருமைதான். அவள் பேச்சு நாளுக்கு நாள் குறைந்ததை, ஜெபத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டோம்.

ஈஸ்டர் அன்று மதியம் கறிச்சோற்றுக்கு உட்கார்ந்தபோது போனைத் திறந்தாள். இத்தனை நாள் குரூப்பில் ஆளையே காணோமே என்று ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை. வகுப்புப் பெண்கள் அவர்களில் ஒருத்தியின் பிறந்தநாளுக்குத் திருச்சியில் சேர்ந்து சாப்பிட்ட படங்கள் இருந்தன. வகுப்பில் பக்கத்தில் உட்காரும் சத்யாவைக் கூப்பிட்டு, எங்கிட்ட ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, குரூப்லதான போட்டோம், நீ பாக்கலன்னா நாங்க என்னடி பண்றது என்று அவள் சிரித்திருக்கிறாள். இவளும் சிரித்துவிட்டுத்தான் வைத்தாள். பிறகு என்னிடம், நான் இல்லாதது யாருக்குமே தெரியலப்பா என்றாள். சாப்பிடாத தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். நீயும் கேட்கவில்லை தம்பி, வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய், குற்றமாகச் சொல்லவில்லை. அதிலிருந்து கல்லூரிக்கும் போவதில்லை, போன் முன்னைவிட அதிகமாகக் கையில் இருக்கிறது, ஆனால் எதையும் போடுவதில்லை, மற்றவர்கள் போடுவதை விரலால் தள்ளிக்கொண்டே கிடக்கிறாள். பிடுங்கி வைத்தும் பார்த்தோம். திருப்பிக் கேட்கவேயில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், பயந்துபோய் நாங்களே கையில் கொடுத்தோம். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் நான் மட்டும் போய்ச் சொன்னேன். போனை வாங்கி வைத்தால் தீர்ந்துவிடும் என்று இருக்காதீங்க, பிள்ளையைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல முடியாது, கூட்டிட்டு வாங்க என்றார். நானும் அம்மாவும் பகலெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், எங்கள் பார்வை அவளுக்குக் கணக்கில் வரவில்லை. இதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, மாறும் என்று எழுதவும் கை வரவில்லை.

அவளைத் திட்டி எதுவும் அனுப்பாதே, புத்தியும் சொல்லாதே. புதன்கிழமை சாயங்காலம் மறக்காமல் கூப்பிடு, எடுக்காவிட்டால் மறுபடியும் கூப்பிடு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நிற்காதே. மாதா உன்னைக் கைவிடாமல் காக்கட்டும். டாக்டர் வியாழக்கிழமை வரச்சொல்லியிருக்கிறார். வாரேன் என்றும் அவள் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்புவாளா என்பது அன்று காலையில்தான் தெரியும்.

உன் அப்பா
சவரிநாதன்