கோழி செட்டுக்கு ஒரு கிளாரினெட்

மார்ச் 4

முட்டை விலை ஏறியிருக்கிறது. அதற்குச் சந்தோஷப்பட விடாமல் சாயங்காலம் கிளாரினெட் விரிசல் விட்டது. தீவன அறையில் உட்கார்ந்து ஆனந்தபைரவி ஊதிக்கொண்டிருந்தேன். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். குழலின் மேல்பாகத்தில் தலைமுடி போல ஒரு கோடு. அதன்பின் வெறும் காற்றுதான் வந்தது.

மரம் வறண்டுவிட்டது, மாசி வெயில், காரணம் தெரியும். ஆனாலும் முதலில் மனதில் வந்த பெயர் சந்திரசேகர். பக்கத்துப் பண்ணைக்காரன், என் பங்காளி. இரண்டு வருடம் முன்பு பண்ணையாளர் கூட்டத்தில் எழுந்து, "அண்ணன் ஊதற ஊதுல என்ற கோழியெல்லாம் மிரண்டு முட்டை கொறையுதுங்க" என்றான். மண்டபமே சிரித்தது. அன்றோடு அவனிடம் பேச்சில்லை. இனி அவனுக்குக் கொண்டாட்டம்தான்.

மார்ச் 5

ஊதாத சாயங்காலம். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கல்லூரியில் அத்தனை வருடம் வேதியியல் நடத்தினேன். துறைத்தலைவர் நாற்காலியை என்னிடம் படித்தவனுக்கே கொடுத்தார்கள். உதறிவிட்டுக் கோழிக்கு வந்தேன். இந்த ஒரு மணி நேரத்தை மட்டும் யாரும் பிடுங்க முடியாது என்று நினைத்திருந்தேனே?

மார்ச் 7

சேலம் போனேன். வாத்தியம் பழுது பார்க்கும் கைலாசம் பெட்டியைத் திறந்ததும் முகர்ந்தார். "எந்தப் பண்ணைங்க சார்?"

விரிசலை அடைத்து ஆறவிட ஒரு மாதம் ஆகுமாம். "அப்புறம் இத ஊட்டோட வெச்சுக்கங்க. பண்ணைக்குன்னு ரெண்டாவதா ஒண்ணு வாங்குங்க, முரட்டு ஐட்டமா. மரம் மட்டும் வேண்டாமுங்க."

வீட்டில் சொன்னேன். ஜோதி கேட்டாள்: "நல்லது ஊட்டுக்குள்ள வருதுன்னா, நான் பண்ணைக்குப் போயர்றதுங்களா?"

இருபத்தைந்து வருடக் குடித்தனம். ஒரு ராகம் முழுதாகக் கேட்டதில்லை. சரி, இருக்கட்டும்.

மார்ச் 10

மூன்று கம்பெனிகளில் வந்து நிற்கிறேன். மீரட்காரர்கள் எபனைட்டில், அதாவது கெட்டி ரப்பரில், செய்கிறார்கள். நான் பழகிய பழைய விரல்முறை. ஜப்பான்காரர்களுடையது பிளாஸ்டிக்; விரிசலே விடாது, ஆனால் துளைகளைச் சுற்றி வளையம் போட்ட புது விரல்முறை. பிரெஞ்சுக்காரர்கள் மரத்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்கிறார்கள். அதன் விலையை ஜோதியிடம் சொல்லவில்லை.

எல்லோரும் உடம்பைப் பற்றியே பெருமை பேசுகிறார்கள். கோழி எச்சத்தின் அமோனியாக் காற்றில் கீ, அதாவது துளைகளை மூடித் திறக்கும் உலோகக் கட்டை, என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானே பார்த்துவிட வேண்டியதுதான். துறைத்தலைவர் ஆகாவிட்டால் வேதியியல் மறந்துவிடுமா?

மார்ச் 11

கைலாசத்திடம் உடைந்த வாத்தியங்களின் துண்டுகள் வாங்கி வந்தேன். பித்தளை கீ, வெள்ளி முலாம், நிக்கல் முலாம்; ஒரு எபனைட் துண்டு, ஒரு பிளாஸ்டிக் துண்டு. கோழி செட்டின் உத்திரத்தில் நூல் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டேன். எபனைட்டில் பாதியை வெளியே வெயிலில் வைத்தேன்.

முட்டை பொறுக்கும் ராமாயி அண்ணாந்து பார்த்தாள். "திருஷ்டிக்குங்களா சாமி?"

"சோதனை" என்றேன். அவள் முகம் மாறியது. அந்த வார்த்தையே பிடிக்கவில்லை போலிருக்கிறது.

மார்ச் 18

பித்தளை பச்சை பிடித்துவிட்டது. வெள்ளி கறுப்பு. நிக்கல் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுங்குகிறது. எபனைட் வெயிலில் பழுப்பேறி நாறுகிறது, நிழலில் அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக்குக்கு எதுவுமே ஆகவில்லை. ஜப்பான்தான். முடிவு.

மார்ச் 20

சந்திரசேகர் வந்தான்! கேட்டுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அண்ணா, நம்ம பகைய நமக்குள்ள வெச்சுக்கலாமுங்ண்ணா. வாயில்லாத கோழி என்னங்ண்ணா பண்ணுச்சு? அந்தத் தகட்டையெல்லாம் அவுத்துருங்ண்ணா. முட்டை படுத்துப் போச்சு."

செய்வினை வைத்திருக்கிறேனாம்! ராமாயியின் 'சோதனை' வேலி தாண்டிப் போயிருக்கிறது. நான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "இன்னும் முடியல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மார்ச் 21

ஆனால் என் பண்ணையிலும்தான் முட்டை குறைந்திருக்கிறது. தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து என்று ராமாயியைக் கேட்டேன். "நீங்க ஊதறத நிறுத்துனதுலருந்துங்க சாமி."

நான் தொங்கவிட்டது அதற்குப் பிறகுதானே! சாயங்காலம் செட்டில் நின்று கவனித்தேன். ரோட்டோர லாரி பாடி பட்டறையில் அந்த நேரத்தில்தான் தகடு அடிக்கிறார்கள்; ஒவ்வொரு அடிக்கும் கோழிகள் எகிறி விழுகின்றன. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை என் கிளாரினெட் மூடியிருக்கிறது. அவற்றுக்கு என் ஊதல் பழகிப்போயிருக்கிறது. என் கோழிக்கும் — அவன் கோழிக்கும்!

இரண்டு வருடம் காத்திருந்த வாக்கியம் இது. வேலியருகே போய்க் கத்தியே சொன்னேன்: "செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல! என்ற கிளாரினெட் இல்லாமத்தான்டா உன்ற கோழி முட்டை போடல!"

 பிறகு அந்தப் பக்கமிருந்து: "அப்பச் சட்டுனு ஒண்ணு வாங்குங்ண்ணா! வண்டி நான் எடுக்கறேன்!"

மார்ச் 24

அவனுடைய முட்டை வண்டியில், முன்சீட்டில், சேலம். மல்லூர் தாண்டும் வரை இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம்.

கைலாசம் இரண்டை வரவழைத்து வைத்திருந்தார். முதலில் ஜப்பான் பிளாஸ்டிக். கச்சிதமான சத்தம். ஆனந்தபைரவி ஊதினேன். சுமார்தான், சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். ஓரமாக ஸ்டூலில் இருந்த சந்திரசேகர் தலையை ஆட்டினான்.

"இது வேண்டாமுங்ண்ணா. கடைசில ஒரு எடத்துல அழுத்தி இழுப்பீங்கல்ல... அழுவற மாதிரி வருமே. அது இதுல வல்லீங்க."

எனக்குக் கை நின்றுவிட்டது. வரவில்லைதான். துளையைச் சுற்றியுள்ள வளையம் விரலை வழுக்க விடவில்லை. ஆனால் அது இவனுக்கு எப்படித் தெரியும்?

மீரட் எபனைட்டை எடுத்து அதையே ஊதினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். "ஆங்... இதானுங்ண்ணா."

"கோழிக்கு இதான் புடிக்குமாடா?" என்றேன்.

"கோழிக்குத்தானுங்ண்ணா" என்றான், என்னைப் பார்க்காமல்.

நிக்கல் கீ போட்டது. சேலத்திலேயே ஸ்பிரிங் கிடைக்கும். செட்டில் எப்போதும் நிழல். என் சோதனைப்படி இரண்டாம் இடம். வாங்கிவிட்டேன்.

திரும்பும்போது கேட்டேவிட்டேன். "அப்புறம் எதுக்குடா கூட்டத்துல அப்படிச் சொன்ன?"

"அன்னைக்கு முட்டை கொறஞ்சு போச்சுங்ண்ணா. யாரையாச்சும் சொல்லோணுமில்ல?"

மன்னிப்பா இது? இல்லை. ஆண்டகளூர் கேட்டில் டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன்.

ஏப்ரல் 2

பட்டறை அடிக்கிறது, நான் ஊதுகிறேன், கோழிகள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. முட்டை ஏறுகிறது. ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூட்டத்தில் சொல்வேன்.

ஏப்ரல் 9

மர கிளாரினெட் சரியாகி வந்தது. ஜோதி அதற்கு அலமாரியில் இடம் ஒதுக்கி, கதவையும் சாத்திவிட்டாள்.

சாயங்காலம் எபனைட்டோடு பண்ணைக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் சந்திரசேகர் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்திருந்தான். கோழி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறானாம். சேர் கோழி செட்டைப் பார்த்துப் போடப்படவில்லை. என் தீவன அறையைப் பார்த்து இருந்தது.

"அண்ணா, அந்த அழுவறது..." என்றான்.

உடனே ஊதிவிடுவேனா? இரண்டு வருடம்! முதலில் மோகனம் ஊதினேன், நிதானமாக, ஒரு சுரம் விடாமல். உட்கார்ந்துதான் இருந்தான்.

அப்புறம் ஊதினேன்.