படுகளத்தில் தூங்கிய ராஜா

வடக்கனந்தல்
2-6-1997

அன்பு மகள் செல்லிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கறவை மாடும் அம்மன் புண்ணியத்தில் சுகம், வயிற்றுப் பிள்ளையோடு நீயும் மாப்பிள்ளையும் பம்பாயில் சுகம்தானே? உன் கடிதம் வந்தது. வீடியோவில் கொலைப் படமும் பேய்ப் படமும் தேடித் தேடிப் பார்க்கிறாய் என்று உன் மாமியார் உன்னைக் கல்நெஞ்சக்காரி என்றாராம், இவள் எங்கே பிள்ளை வளர்க்கப்போகிறாள் என்றாராம், நீயும் அம்மா எனக்கு மனசே இல்லையா என்று அழுது எழுதியிருக்கிறாய். பைத்தியமே, முதலில் கண்ணைத் துடை.

போன வாரம் நம் கோயிலில் படுகளம், கூத்தில் போர் முடிகிற கடைசி நாள். கூத்தில் இந்த வருஷம் கெட்ட ராஜா வேஷம் உன் அப்பாவுக்கு. விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் சாக வேண்டும், ராஜா விழுந்ததும் பெண்கள் துடைப்பத்தால் அடிப்பது வழக்கம்தானே. கோழி அறுத்தால் கொல்லைப்பக்கம் ஓடுகிற நான், புதுத் துடைப்பத்தோடு முன்வரிசையில் நின்றேன். கதாயுதம் தொடையில் பட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர் கொட்டியதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்து வீட்டுக் கொளஞ்சி, போடுக்கா இன்னும் நாலு போடு என்றாள், இருபத்தைந்து வருஷக் கோபத்தையும் சேர்த்துப் போட்டேன். ஒப்பாரியும் வைத்தாயிற்று, எழுந்திருக்க வேண்டிய மனுஷன் எழவில்லை. மத்தளக்காரர் காதருகே தட்டியும் அசைவில்லை. துடைப்பத்தை எறிந்துவிட்டு, ஐயோ என் சாமி என்று ஓடி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக் கத்தினேன். உன் அப்பா மெல்ல ஒரு கண்ணைத் திறந்து, இன்னாடி சாலா, செத்தவன நிம்மதியா தூங்கக்கூட வுடமாட்டியா என்றார். ஊரே சிரித்தது. நான் அழுதுகொண்டே கையாலேயே முதுகில் இரண்டு போட்டேன்.

அவர் எழுந்து வந்து கூழ் கேட்பார் என்று தெரிந்ததால்தானே அடிக்கவும் ரசிக்கவும் முடிந்தது, எழ மாட்டார் என்று தோன்றியதும் என் உயிரே போய்விட்டதே. நீ பார்க்கிற படமும் அப்படித்தான். பத்திரமாக உட்கார்ந்துகொண்டு பயப்பட யாருக்குத்தான் ஆசையில்லை. மாமியாரை எதிர்த்துப் பேசாதே, அடுத்த படத்துக்கு அவரையும் பக்கத்தில் உட்கார வை, கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் சந்தில் பார்ப்பார்.

இரும்பு மாத்திரையை மறக்காதே, கீரை சாப்பிடு. ஏழாம் மாசம் உன்னைக் கூட்டிவர நாங்களே வருகிறோம். நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நீ வயிற்றில் இருந்த வருஷமும் நான் துடைப்பத்தோடு முன்வரிசையில்தான் நின்றேன். அப்படிப் பிறந்த நீதான், நம் ஆட்டுக்குட்டியை விற்ற அன்று அதன் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தாய்.

உன்னைப் பெற்ற
சாலம்மாள்