சிவப்பு மையில் ஒரு பெயர்

பிப்ரவரி 9, திங்கள்

பனி. விக்கிரவாண்டி டோல் தாண்டும் வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஆறாம் வகுப்புக்குச் சீன மொழி. நிஹாவ் என்றால் வணக்கம். ஷியே ஷியே என்றால் நன்றி. முதல் பெஞ்சுப் பையன்: "மிஸ், நீங்க பாம்பு துன்னீங்களா?"

"துன்னேன். உன்னை மாதிரியே ஒல்லியா இருந்துச்சு."

அப்புறம் அவன் வாயே திறக்கவில்லை. நல்ல வகுப்பு.

அசெம்பிளியில் தாளாளர்: "நம்ம டாக்டர் மிஸ். சைனாவுலயே படிச்சவங்க." படித்தவள்தான், டாக்டருக்கு. ஆனால் வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஸ்கிரீனிங் டெஸ்ட் பாஸ் ஆகாமல் ஒரு ஊசி போட முடியாது, அதில் நான் மூன்று தரம் கோட்டை விட்டவள், நாலாவது ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள். இதையெல்லாம் அவர் சொல்லமாட்டார். டாக்டருக்குப் படிக்கச் சீனாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஏஜென்சி அவர் மைத்துனருடையது. நான் தூண்டில் புழு. சம்பளம் வாங்கும் புழு.

பிப்ரவரி 11, புதன்

17ஆம் தேதி சீனப் புத்தாண்டு விழா. பெற்றோர் வருவார்கள். தேவை:

சிவப்பு சார்ட்
லாந்தருக்கு ஜிகினா
இடியாப்பம் (நூடுல்ஸுக்குப் பதில். தாளாளர் யோசனை)
அதை எடுத்துச் சாப்பிட விளக்குமாற்றுக் குச்சி. புதியது. கழுவியது.

மதியம் ஸ்டாஃப் பாத்ரூமில் இருந்தேன். வெளியே குழாயடியில் பேச்சு. பன்னிரண்டாம் வகுப்பு கீர்த்தனா குரல். ஒலக்கூர் பக்கம், அப்பாவுக்கு வேர்க்கடலை விவசாயம், பள்ளியில் முதல் மார்க்.

"மூணு தரம் பெயிலாம்டி. விழுப்புரத்துல எங்க சித்தி சொல்லிச்சு. நிஹாவ் டாக்டரு!"

சிரிப்பு. இன்னொருத்தி: "அப்புறம் நீ மட்டும் ஏண்டி சைனா போறேன்னு குதிக்கிற?"

"அது மக்குடி. நான் ஒரே தரத்துல பாஸ் பண்ணிக் காட்டறேன்."

அவர்கள் போகும்வரை உள்ளேயே நின்றேன். மூலையில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டு. நானும் ஒருகாலத்தில் பள்ளி முதல். இதே திமிர், இதே ரெட்டைச் சடை. பொறாமைதான், வேறு என்ன.

பிப்ரவரி 13, வெள்ளி

ஏழாம் வகுப்புக்குச் சீன வழக்கங்கள். பொருளை இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். சாதத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தக் கூடாது, அது செத்தவருக்குச் செய்வது. சிவப்பு மங்கலம்.

ஒன்று மட்டும் சொல்லவில்லை, மணி அடித்துவிட்டது. சிவப்பு மங்கலம்தான், ஆனால் உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதக் கூடாது. தூக்குக்குப் போகிறவன் பெயரைத்தான் அப்படி எழுதுவார்களாம். முதல் வருடம் தெரியாமல் எங்கள் சீன மொழி டீச்சருக்குப் பிறந்தநாள் அட்டையில் பெயரைச் சிவப்பில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாள் முகம் போன போக்கு! இரண்டு கையாலும் வாங்கி, அப்படியே குப்புற வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

ரிசல்ட். பெயில்.

அம்மா: "மெதுவா பேசுடி, பக்கத்து வூட்டுல கேக்கப் போவுது." நான் பேசவே இல்லை.

அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போல இருந்தது. தோசை சாப்பிட்டேன். மூன்று.

பிப்ரவரி 17, செவ்வாய்

விழா. வெயில். இடியாப்பம் குச்சியில் நிற்காமல் பிள்ளைகள் யூனிஃபார்மெல்லாம் தேங்காய்ப்பால். எட்டாம் வகுப்பின் டிராகன் வாலை யாரோ மிதித்து, டிராகன் இரண்டாகப் போனது. பெற்றோர் கைதட்டினார்கள்.

தாளாளர் என்னை மேடை ஓரம் நிறுத்தினார். "ரிசல்ட்டு கிசல்ட்டுன்னு வாயத் தொறந்துடாத. டாக்டர், அவ்ளோதான்."

கீர்த்தனா அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழுமலை. வெள்ளைச் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், கைகட்டி நின்றார்.

"மேடம், ரெண்டு காணி நெலம் இருக்குது. மல்லாட்டை போட்டுக்கினு காலத்த ஓட்டிக்கினு கீறேன். அத்த வித்துட்டு இதை அனுப்பிடலாம்னு. திரும்பி வந்தா இங்க ஏதோ பரிச்சை கீதாமே? கஷ்டமா மேடம்? நீங்க சொன்னா சரி."

நீங்க சொன்னா சரி. நேற்றுத்தான் நாலாவது.

கீர்த்தனாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். என்னைப் பற்றி எல்லாம் தெரியும். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பா நிலத்தை விற்கமாட்டார். வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள், சுலபம் என்று சொல்லித் தொலையுங்கள் என்பது போல.

"சும்மா பேருக்கு ஒரு பரீட்சை. நான் ஒரே தடவையில் பாஸ்" என்றேன்.

ஏழுமலை கும்பிட்டார். கீர்த்தனா மூச்சுவிட்டாள். பிறகு அந்தச் சிரிப்பு, குழாயடிச் சிரிப்பு. "மிஸ், எம் பேர சைனீஸ்ல எழுதித் தாங்க மிஸ்."

மேசையில் கறுப்பு மார்க்கர் இருந்தது. சிவப்பும் இருந்தது.

ஒலிக்கு ஒத்துவரும் மூன்று எழுத்து. பொறுமையாக, அழகாக எழுதினேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். "ஷியே ஷியே" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

ஏழுமலை பள்ளிக்கு வந்தார். ஒரு பை நிறைய வறுத்த மல்லாட்டை. இன்னும் சூடாக இருந்தது. நிலத்துக்கு ஆள் வந்துவிட்டதாம், கிளியனூர் பார்ட்டி. நாளை பத்திரம்.

"நீங்க எழுதிக் குடுத்த பேர லாமினேஷன் போட்டு சாமி படத்தாண்ட மாட்டிக்கீறோம் மேடம். காலைல ஏந்துகினதும் அதத்தான் கும்புடுறேன்."

நாளைதான் பத்திரம். இன்றைக்குச் சொன்னாலும் நிலம் தப்பும். "ரொம்ப நல்லதுங்க" என்றேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பை மடியில். வீட்டுக்கு வந்ததும் அம்மா மோந்து பார்த்தாள். "யாருடி குடுத்தது?"

"பேஷண்ட்."

அம்மா என்னையே பார்த்தாள். தட்டு நிறைய மல்லாட்டை அள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள். "எம் பொண்ணுக்கு பேஷண்டு குடுத்ததுங்க" என்பது இங்கே கேட்கிறது.