வடிவம்மா ‘ரொம்ப’ என்று சொன்னது

ஹாலிஎல,
புதன்கிழமை.

மதிப்புக்குரிய ஆர்த்திகா மிஸ் அவர்களுக்கு,

கடிதம் என்றால் ‘நாங்கள் நலம்’ என்று தொடங்குவதுதான் முறை. இந்தத் தடவை அதை எழுதக் கை வரவில்லை. நீங்களும் உங்கள் வீட்டாரும் யாழ்ப்பாணத்தில் சுகமாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு எத்தனையோ நோயாளிகள், அதனால் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதுளையில் புற்றுநோய்க்குப் புது மருந்து கொடுத்துப் பரிசோதனை நடந்ததே, அதில் சேர்ந்திருந்த வடிவம்மாவின் புருஷன் லிங்கம் நான். மார்பில் வந்து எலும்புக்குப் போன நோய். எப்போதும் பச்சை ஸ்வெட்டர் போட்டு வருவாள். இரத்தமும் ஸ்கேனும் பார்க்கிறவர்கள் வேறு. நீங்கள் அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கிறவர். நடக்கக் கஷ்டமாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, வலி இருக்கிறதா, மனசு சோர்ந்து கிடக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘அதிகம்’, ‘ரொம்ப’ என்ற நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னை வெளியே உட்காரச் சொல்வீர்கள்.

ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றுதான் சொன்னாள். அது பொய் சொல்கிற குணம் இல்லை, மிஸ். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் நிற்கும்போது உடம்பு சரியில்லை என்று வாய் திறந்தால், “அப்ப லயத்துக்குப் போ” என்பார் கணக்கப்பிள்ளை. அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. அப்படியே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக் காலம் தள்ளியவள். யார் கேட்டாலும் ‘ஒண்ணுமில்லைங்க’தான் வாயில் வரும்.

நீங்கள் விடவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மெய்யாத்தானோ அம்மா?” என்று கேட்டீர்களாம். பஸ்ஸில் வரும்போது உங்களைப் போலவே சொல்லிக் காட்டிச் சிரித்தாள். “அந்தப் புள்ள என்னயப் பத்தியே கேக்குதுங்க, வேற ஒண்ணுமே கேக்கல” என்றாள். அதற்குப் பிறகு கிளினிக்குக்கு முதல் நாளே சேலையை எடுத்து மடித்து வைத்துவிடுவாள். கல்யாண வீட்டுக்கா போறே என்று நான் கேலி செய்வேன்.

பிறகு ஒருநாள் வலிக்கு ‘ரொம்ப’ என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை நாங்கள் வந்தபோது நீங்கள் மாற்றலாகிப் போயிருந்தீர்கள். பெரிய டொக்டர் ஸ்கேனைக் காட்டினார். கட்டி வளர்ந்துவிட்டது, நோய் இந்த மருந்துக்குக் கேட்கவில்லை, இனிப் பரிசோதனையில் வைத்திருக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். எனக்கு விளங்கியது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கன்டீனில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறினோம். இன்னும் அப்படியேதான் இருக்கிறேன். அடுப்பு மூட்டுகிறேன், சோறு வடிக்கிறேன், ஒன்றும் உறைக்கவில்லை.

அவளுக்கு வேறு மாதிரி விளங்கியிருக்கிறது. போன வாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள்: “நா ரொம்பன்னு சொல்லிருக்கக் கூடாதுங்க. அதான் பேர வெட்டிட்டாங்க. இனி வாயத் தொறந்தா இப்ப குடுக்கிற மாத்திரையும் நின்னுரும்.” அடிப் பாவி, அது ஸ்கேன்ல தெரிஞ்சதுடி என்று கத்தினேன். “உங்களுக்கு என்னா தெரியும், நீங்க வெளியிலதான இருந்தீங்க” என்றாள்.

இப்போது மாதாமாதம் வலிக்கு மருந்து கொடுக்கிற டொக்டரிடம் போகிறோம். சிங்களப் பிள்ளை, தங்கமானவர், தமிழிலேயே கேட்கிறார். இவள் சிரித்த முகமாக ‘ஒண்ணுமில்லைங்க’ என்கிறாள். வலி இருக்கிறது என்று நான் சொன்னால், “அவரு சும்மா பயப்படுறாரு டொக்டர்” என்கிறாள். பலமான மருந்து இருக்கிறதாம், குடிக்கிற மருந்து. அவள் வாயால் சொல்லாமல் அதை எப்படிக் கொடுப்பது என்று அவரும் வெறும் பெனடோல் மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார். வீட்டில் துவாயைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். துவாய் ஓரமெல்லாம் கிழிந்து நூலாகத் தொங்குகிறது. துவைத்துக் காயப்போடுகிறவன் நான்தானே.

உங்கள் கேள்விகளை நானே கேட்டும் பார்த்தேன். நடக்கக் கஷ்டமா இருக்கா என்றேன். “ஏன், உங்களுக்கு மண்ட கொழம்பிருச்சா? சோத்தத் தின்னுங்க” என்றாள். மகள் கம்சலா கொழும்பிலிருந்து போன் எடுத்தாலும் ‘நல்லா இருக்கேன்’தான்.

இதையெல்லாம் உங்களுக்கு வீட்டிலிருந்து போனில் சொல்ல வழியில்லை. எங்கள் லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி ஒரே வரிசை, ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாவது காம்பராவிலிருந்து வெந்நீர் வேணுமா என்று கேட்பார்கள். அவ்வளவுதான் சுவர். அதனால் டவுனில் தையல்கடை ஜௌபர் நானாவின் மேசையில் இருந்து எழுதுகிறேன். வார்டில் கெஞ்சிக் கேட்டு உங்கள் விலாசத்தை வாங்கினேன், மன்னிக்க வேண்டும்.

மிஸ், ஏதாவதொரு ஞாயிறு காலையில், உறையின் பின்பக்கம் உள்ள நம்பருக்கு ஒரு போன் எடுங்கள். சீக்கிரமாக எடுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். எடுத்தவுடன் வலியைக் கேட்காதீர்கள். பழைய வரிசைப்படி நடையில் தொடங்குங்கள், அந்த வரிசை அவளுக்கு மனப்பாடம். முதலில் ‘இல்லை’ என்பாள். உங்கள் வழக்கப்படி “மெய்யாத்தானோ அம்மா?” என்று கேளுங்கள். அவள் சொன்னதால் யாரும் பேரை வெட்டவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். டொக்டரிடமும் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எதையும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. அவளைப் பிழைக்க வைக்கும்படி நான் கேட்கவில்லை.

உங்கள் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் அந்த முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

நீங்கள் பேசும்போது நான் வழமைபோல வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். அவள் ‘ரொம்ப’ என்று சொன்னால் எனக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
லிங்கம்