சிப்ஸ் கட்டையில் குங்குமம்

ஐப்பசி 4, சனி

காலையில் தூறல், பிறகு புழுக்கம். விழுப்புரம் போய்வந்தேன். பாத்திரக்கடை, அக்கா வீடு. வளையல் வாங்க மறந்தாச்சு.

தீபாவுக்கு வளைகாப்பு 16ஆம் தேதி, இங்கே திண்டிவனத்திலேயே. ஏழாம் மாசம். அதோடு பிரசவம் வரை நம் வீட்டில்தான் என் பொண்ணு. கலந்த சாதமெல்லாம் சமையல்காரர் பொறுப்பு. சிப்ஸ் மட்டும் என் கையால். "கடையில வாங்கிக்கலாமே" என்கிறார் இவர். இத்தனை வருஷம் என் சிப்ஸைத் தின்றுவிட்டுப் பேச்சைப் பார்.

பழைய சிப்ஸ் கட்டை மழுங்கிப்போச்சு. கிழங்கைச் சீவாமல் கசக்குகிறது. மழுங்கினால்தான் வழுக்கும், வழுக்கினால்தான் விரல் போகும்.

கடையில் பார்த்தவை:
— பிளாஸ்டிக், பிளேடு மாற்றி மாற்றிப் போடுவது. அழுத்தினால் வளைகிறது. வேண்டாம்.
— மரக்கட்டை, ஒற்றைப் பிளேடு. நம் பழசு மாதிரியே. கனம் கூட்டிக் குறைக்க முடியாது.
— ஸ்டீல். மடக்குக் கால், அடியில் ரப்பர், பக்கத்துத் திருகில் கனம் மாறும். காயைக் குத்திப் பிடித்துத் தள்ள ஒரு மூடி. இதுதான்.

கடைக்காரர்: "மூடி இல்லாம சீவாதீங்கம்மா. பிளேடு புதுசு. பட்டா பட்டதே தெரியாது."

எனக்கே பாடம். தலையாட்டிவிட்டு வந்தேன். மூடி போட்டால் கடைசித் துண்டு வீண். என் கை போதும்.

வீட்டு வாசலில் வந்துதான் பார்த்தேன், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதோ. பஸ்ஸிலா, ரோட்டிலா. வெறுங்காலில் நடந்தது தெரியவே இல்லை. புதுச் செருப்பு வேறு.

ஐப்பசி 6, திங்கள், ஆயுத பூஜை

வீடு கழுவி முடிக்கவே மத்தியானம். பூஜைக்கு வைத்தது: அரிவாள்மனை, கத்திகள், மிக்சி, தையல் மிஷின், இவர் ஸ்கூட்டர் சாவி, புது சிப்ஸ் கட்டை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். புதுசுக்குப் பிளேடிலேயே பெரிதாக ஒரு பொட்டு. பொரி, கடலை, சுண்டல். பக்கத்து வீட்டு மல்லிகாவுக்கும் ஒரு பொட்டலம்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக்கூடாது. மறுநாள் காலையில் மறுபடி கற்பூரம் காட்டித்தான் எடுப்போம். தெரியும். ஆனாலும் புதுசு எப்படிச் சீவுகிறது என்று பார்க்க ஆசை. சாயங்காலம் இவர் டிவி முன்னால் உட்கார்ந்ததும் எடுத்துவிட்டேன். நாலே நாலு உருளை.

ஈரத்துணி விரித்து அதன்மேல் வைத்துச் சீவு என்று அட்டையில் படம். நான் வாணலிக்குக் குறுக்கே வைத்து எண்ணெயிலேயே நேராகச் சீவுகிறவள். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. அருமையாக இறங்கியது. கண்ணாடி மாதிரி மெல்லிசு.

நாலைந்து சீவலில் ஓரம் மட்டும் சிவப்பு. பிளேடில் வைத்த குங்குமம். துடைத்தேன்.

ஐப்பசி 7, செவ்வாய்

மறுபூஜை ஆச்சு. கட்டையைப் பழைய டூத் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். ஒரு சொட்டுக் குங்குமம் கிடையாது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

வாழைக்காய். முதல் ஈடு நன்றாக வந்தது. இரண்டாவதில் மறுபடியும் சிவப்பு. ஓரத்தில் இல்லை, நடுவில். சீவலின் மேல் பூசினாற்போல.

இவரைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னேன். "நான் அடுப்பங்கரைக்கே வரலடி" என்றார். அதுவும் உண்மைதான், எந்தக் காலத்தில் வந்தார். என் கையையும் பார்த்துக்கொண்டேன். வாழைக்காய்க் கறை, கன்னங்கரேல். வலி இல்லை, எரிச்சல் இல்லை. கழுவிவிட்டு அடுத்த ஈடு போட்டேன். சிவப்புப் பட்ட ஈட்டைக் குப்பையில் கொட்டினேன்.

மல்லிகாவிடம் சொன்னது தப்பு. அவள் முகமே மாறிவிட்டது.

"பூஜையன்னிக்கே எடுத்துட்டியா? அய்யோ, இன்னாக்கா நீ. இரும்பு தூங்கிக்கினு இருக்கும்போது எழுப்பக்கூடாதுக்கா. எழுப்புனா கேட்டுக்கினே இருக்கும்."

"இன்னாத்த கேக்கும்?"

எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி அடுப்பங்கரை மூலையில் வைக்கச் சொன்னாள். சிரித்தேன். வீட்டுக்கு வந்து வைத்தேன்.

ஐப்பசி 9, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. பகலிலேயே இருட்டு. இவர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கதவு உள்ளே தாழ். நான் மட்டும்.

கிழங்கு சீவி முடித்து, பூஜை அறையிலிருந்து பெரிய டப்பா எடுக்கப் போனேன். திரும்பி வரும்போது கூடத்து வெள்ளை டைல்ஸில் சொட்டு. சிவப்பு. அடுப்பங்கரையிலிருந்து பூஜை அறை வரை, வரிசையாக. யாரோ நடந்து போன மாதிரி.

துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போனேன். அடுப்பங்கரை வாசலில் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தேன். துடைத்த இடத்தில் மறுபடியும் சொட்டு. புதுசாக. எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது.

"யாருங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மழைச் சத்தம் மட்டும். மூலையில் அந்த எலுமிச்சம்பழம். வாயில் சாமி பேர்கூட வரவில்லை. அப்படியே நின்றேன், நகர்ந்தால் அதுவும் நகரும் என்று.

இவர் வந்து கதவைத் தட்டினார். திறந்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தார்.

"அடியே, உன் கைதான்டி! உன் கையிலருந்துதான் ஊத்துது!"

பார்த்தேன். வலது சுண்டுவிரல் ஓரத்தில் சதை சீவிப் போயிருக்கிறது, பக்கத்தில் பழைய காயம் வேறு. கட்டைவிரலில் எண்ணெய்க் கொப்புளம், உடைந்து தோல் தொங்குகிறது. எப்போது பட்டது? எதுவும் தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் கையைத் தூக்கி என்னிடம் காட்டுவது போல இருந்தது.

இவர் மஞ்சள் வைத்து அழுத்தினார். எரியவே இல்லை. அதற்குத்தான் அழுதேன்.

ஐப்பசி 11, சனி

சின்னச் சின்னப் பரீட்சை. ஐஸ் கட்டி: விரலுக்கு ஒன்றுமில்லை. காபி டம்ளர்: ஒன்றுமில்லை. உதட்டுக்குச் சுட்டது.

கண்ணை மூடிக்கொண்டு இவரை விரல் ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னேன். காத்திருந்தேன்.

"தொடுங்க."

"எப்பவோ தொட்டுட்டேன்" என்றார். கண்ணைத் திறந்தால் என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அக்காவுக்குப் போன். "சுகர் மாத்திரைய ஒழுங்கா போட்டுக்கினியா இல்லியா?" என்று ஆரம்பித்தாள். பிறகு அப்பா பேச்சு வந்தது. அவர் தூங்கும்போது எலி காலைக் கடித்துவிட்டது, காலையில் அம்மா பார்த்துச் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அந்தக் கால் அப்புறம் இல்லை.

ஐப்பசி 13, திங்கள்

விழுப்புரம், அக்காவோடு டாக்டர். நரம்பு பார்க்கிறவர். கண்ணை மூடச் சொல்லி நைலான் நூல் ஒன்றால் குத்திக் குத்திப் பார்த்தார். நான் "இல்ல, இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு முட்டிக்கு மேலே வந்து ஒரே ஒரு "ஆமா".

"கால்ல முட்டி வரைக்கும் உணர்ச்சி இல்லம்மா. கையில உள்ளங்கை வரைக்கும் வந்தாச்சு. செருப்பு கழண்டதுகூடத் தெரிஞ்சிருக்காதே?"

"திரும்ப வருமா?"

"மேல ஏறாம பாத்துக்கலாம். கத்தி, அடுப்பு, வெந்நி, மூணுலயும் ஜாக்கிரதை. சூடு பாக்குறதுக்குக் கைய வெக்காதீங்க."

பேரப்பிள்ளைக்குத் தண்ணி ஊற்றணுமே என்றேன். காலை நீட்டிப் போட்டுக்கொண்டு குழந்தையை அதில் படுக்கவைத்துக் குளிப்பாட்டணும். ஆசையாகக் காத்திருக்கிறேன். அவர் பேனாவை மூடினார். "நீங்க ஊத்தாதீங்கம்மா. வேற யாராவது ஊத்தட்டும்."

பஸ் ஸ்டாண்டில் அக்காவோடு சண்டை. தீபாவிடம் இப்போது சொல்லப்போவதில்லை. சொன்னால் அவள் மாமியார் விடமாட்டார், பிரசவம் அங்கேயே என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரே பொண்ணு.

"கொழந்தைய வெந்நில போட்டுட்டு அப்பால சொல்லுவியா?" என்றாள் அக்கா. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறினேன். கோபம் அவள்மேல் இல்லை.

ஐப்பசி 14, செவ்வாய்

இருந்ததையெல்லாம் கொட்டியாச்சு. திரும்ப முதலிலிருந்து. இந்த முறை அட்டையில் இருந்தபடி. மேடையில் ஈரத்துணி, அதன்மேல் கட்டை. வெட்டு விழாத கையுறை. காயை ஒரு பக்கம் தட்டையாக நறுக்கி, அந்தப் பக்கம் கீழே. மூடியால் மட்டும் தள்ளுவது. கடைசித் துண்டு போனால் போகட்டும், சாம்பாருக்கு. முடிந்ததும் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பிளேடை மறைப்பது. கழுவ பிரஷ், விரல் இல்லை. எண்ணெயில் போடுவது இவர்! நாற்பது தரம் "சரியா?" என்று கேட்டுக்கொண்டு.

ஒரு துளிச் சிவப்பு இல்லை. மல்லிகா தன் எலுமிச்சம்பழம்தான் காரணம் என்கிறாள். இருக்கட்டும்.

ஆனால் பயம் போகவில்லை. கண் அந்தப் பக்கம் போனால் கை என்ன செய்கிறதென்று எனக்குத் தெரியாது. சாப்பிடும்போதும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தூங்கும்போது யார் பார்ப்பது?

ஐப்பசி 16, வியாழன்

நல்ல வெயில். கூட்டம். தீபா அரக்குப் பட்டில், இரண்டு கை நிறைய வளையல். நான் போடும்போது வளையல் இரண்டு உடைந்தது. எவ்வளவு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. "திருஷ்டி போச்சு" என்றார்கள். சம்பந்தியம்மா சிப்ஸை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "உங்க கை பக்குவம் யாருக்கும் வராதுங்க" என்றார். புடவைத் தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டேன். கொப்புளத்துக்கு எண்ணெய் தெறித்தது என்று ஏற்கெனவே சொல்லியாச்சு.

எல்லோரும் கிளம்பினார்கள். இவர் வழியனுப்பப் போனார். தீபா கட்டிலில் சாய்ந்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள். அப்படியே தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"உதைக்குதும்மா. தெரியுதா?"

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் லேசாகச் சுருங்கிற்று.

"தெரியுதும்மா. நல்லா உதைக்குது, உன்ன மாதிரியே" என்றேன்.

தீபா என் கையை விடவில்லை.

"அது தூங்குதும்மா. இன்னும் அசையவே இல்ல."